அணைந்து எழும் போனுக்கு ஆயுள் முடியவில்லை

திருநெல்வேலி டவுன் ரத வீதியிலோ வண்ணார்பேட்டையிலோ செல்போன் பழுது பார்க்கும் கடை முன்பு சிறிது நேரம் நின்றால் இந்தப் புகார் காதில் விழாமல் போகாது: “அண்ணாச்சி, போன் தானா ஆஃப் ஆகி தானா ஆன் ஆகுது.” பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். “சாஃப்ட்வேர் போடணும்” என்பது ஒன்று. “போர்டு போச்சு, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிரலாம்” என்பது இன்னொன்று. கவரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் சொல்லப்படும் அந்த இரண்டாவது பதிலை உடனே ஏற்க வேண்டிய அவசியம் இல்லை. தானாக அணைந்து எழும் போனில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை விலை குறைந்த, மாற்றவும் சரிசெய்யவும் கூடியவை: பழைய பேட்டரி, நிரம்பி வழியும் சேமிப்பகம், கோளாறான ஒரு செயலி, உள்ளே அழுந்தி நிற்கும் பவர் பட்டன். போர்டு கடைசியில்தான் வர வேண்டும்.

இதைச் சின்னக் கோளாறு என்று ஒதுக்க முடியாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் தொழிலாளர் வருகையைச் செயலி வழியாகவே பதிவுசெய்வது கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர் வேலை நடக்கும் குளக்கரையில் நின்று நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையிலிருக்கும் போன் அணைந்து எழுந்துகொண்டிருந்தால், பலருடைய கூலி அதில் தொங்குகிறது. அங்கன்வாடி ஊழியருக்கு 2021 முதல் போஷன் டிராக்கர் என்ற செயலி. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்களுக்கு வங்கிக் குறுஞ்செய்தியும் ஓடிபியும் அதே ஒரு கருவியில்தான் வருகின்றன.

தாமிரபரணிக் கரையூர்களில் இன்னொரு நிலைமையும் உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்க, கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் பெற்றோர் தனியே இருக்கும் வீடுகள் ஏராளம். போன் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், முதல் திறப்புக்கு விரல்ரேகை செல்லாது. பின் எண்ணைத்தான் கேட்கும். அதைப் போட்டுத் திறக்கும்வரை உள்ளிருக்கும் தகவல்கள் பூட்டப்பட்டே கிடக்கும். சாதாரண அழைப்பு வரும், ஆனால் வாட்ஸ்அப் போன்ற பல செயலிகள் இயங்கத் தொடங்காது. இரவில் அணைந்து எழுந்த போனை அப்பா காலையில் கவனிக்காமல் விட்டால், துபாயிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் எத்தனை முறை கூப்பிட்டாலும் இங்கே மணி அடிக்காது. விரல் வைத்தே பழகியவருக்குப் பின் எண் மறந்திருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. அந்த எண்ணை வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவைப்பது பாதுகாப்புக் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. தனியே வாழும் முதியவருக்கு எழுதிவைப்பதே நல்லது.

போன் ஏன் அணைகிறது? லித்தியம் அயன் பேட்டரி வயதாக ஆக, அதன் கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் கூடுகிறது. கேமரா பிளாஷ் அடிக்கும்போதும் பலவீனமான சிக்னலைத் தேடும்போதும் போன் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும். பம்புசெட் மோட்டாரைப் போட்டவுடன் வீட்டு பல்பு ஒரு கணம் மங்குவதுபோல, அந்தக் கணத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் சரிகிறது. எல்லைக்குக் கீழே போனால், தகவல்கள் கெட்டுவிடாமல் இருக்கப் போன் தன்னையே அணைத்துக்கொள்ளும். திரையில் 30 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். சார்ஜரில் செருகியிருக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, கழற்றினால் அணைகிறது என்றால் குற்றவாளி அநேகமாக பேட்டரிதான்.

இந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்ட கதை சொல்லத் தகுந்தது. 2016 நவம்பரில், ஐபோன் 6எஸ் சில திடீரென்று அணைந்துவிடுவதாக ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, 2015 செப்டம்பர், அக்டோபரில் தயாரான குறிப்பிட்ட போன்களுக்கு இலவசமாகப் பேட்டரி மாற்றித் தர முன்வந்தது. ஆனால் வேறு போன்களிலும் புகார் நிற்கவில்லை. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 புதுப்பிப்புக்குப் பின் அணைவது குறைந்தது. எப்படிக் குறைந்தது என்பதுதான் விஷயம்: பேட்டரி பழசானால் பிராசசரின் வேகத்தை மென்பொருளே குறைத்துவிட்டது. வாங்கியவருக்கு இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், பேட்டரி மாற்றியதும் போனின் வேகம் திரும்பி வருவதைப் பயனர்களே அளந்து வெளியிட்டபோது நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 டாலராக்கியது. 2020இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் பயனர்கள் தொடுத்த வழக்கை 50 கோடி டாலர் வரை தந்து முடித்துக்கொள்ள நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அதைவிட முக்கியமானது 2019 ஜனவரி 2ஆம் தேதி முதலீட்டாளர்களுக்கு ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக் எழுதிய கடிதம். எதிர்பார்த்த அளவு புதிய ஐபோன்கள் விற்காததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, குறைந்த விலையில் மக்கள் பேட்டரியை மாற்றிக்கொண்டது. உலகத்தின் மிகப் பெரிய போன் நிறுவனங்களில் ஒன்றே எழுத்தில் தந்த வாக்குமூலம் இது: நியாயமான விலையில் பேட்டரி கிடைத்தால் பழைய போன் நீடிக்கும், மக்கள் புதிது வாங்க அவசரப்பட மாட்டார்கள். “புதுசே வாங்கிரலாம்” என்ற ஆலோசனை எவ்வளவு எளிதாக வருகிறது, பேட்டரி விலைப் பட்டியல் எவ்வளவு அரிதாகக் கண்ணில் படுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நெல்லைச் சீமையில் பேட்டரியின் முதல் எதிரி வெயில். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்துவதே நல்லது என்பது ஐபோனுக்கு ஆப்பிள் தரும் அறிவுரை. அக்னி நட்சத்திரக் காலத்தில் பாளையங்கோட்டை வானிலை நிலையம் 38, 40 டிகிரியைப் பதிவுசெய்வது வழக்கமான செய்தி. பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, நேர் வெயிலில் மேப் ஓடவிட்டு உணவு கொண்டுபோகும் இளைஞரின் பேட்டரி இன்னும் அதிகமான சூட்டில்தான் வேலை செய்கிறது. சூடு மீறினால் போன் அணையும், ஆறியபின் எழும். நாள்தோறும் இப்படிச் சூடேறும் பேட்டரி வேகமாகக் கிழடாகிறது. சார்ஜ் போட்டபடியே வெயிலில் ஓட்டுவதை நிறுத்தினாலே பாதி விமோசனம்.

இரண்டாவது எதிரி தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரைபுரண்டபோது திருநெல்வேலி ஜங்ஷனும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் வெள்ளத்தில் மிதந்தன. கீழே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. கடைசிப் பயணிகள் மீட்கப்படும்போது 19ஆம் தேதி ஆகிவிட்டது. பேரிடர் எச்சரிக்கையைச் செல்போனுக்கே அனுப்பும் சோதனை தமிழகத்தில் நடந்தது அதே ஆண்டு அக்டோபர் 20இல். எச்சரிக்கை வரவும், இருக்கும் இடம் சொல்லவும், மீட்புக்கு அழைக்கவும் போன் ஒன்றே வழி என்று ஆகிவிட்ட ஊரில், நல்ல பேட்டரி வீட்டுப் பாதுகாப்பின் பகுதி. மழைக்காலத்துக்கு முன்பே அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த போன் அன்றே சாவதில்லை. அதுதான் ஏமாற்றுகிறது. துடைத்து, காயவைத்து, ஓடுகிறதே என்று நிம்மதி அடைந்த பிறகு, வாரங்கள் கழித்து அணைந்து எழத் தொடங்கும். நீர் வற்றினாலும் அதிலிருந்த உப்பும் மண்ணும் போர்டின் மேல் தங்கிவிடுகின்றன. மின்சாரம் பாயும் இடங்களில் பச்சை பூத்து, தொடர்புகள் அரிக்கப்படுகின்றன. நனைந்தவுடன் சார்ஜில் போடுவதுதான் செய்யக்கூடிய ஆகப் பெரிய தவறு. அரிசிப் பானைக்குள் புதைப்பதும் உதவாது. அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே 2024 ஜனவரியில் தன் வழிகாட்டுதலில் எச்சரித்தது. அணைத்து, சிம்மைக் கழற்றி, கூடிய விரைவில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து, போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவச் சொல்ல வேண்டும். தண்ணீர் புகாத போன் என்று விளம்பரம் சொல்லும். அந்தத் தரச்சான்றுச் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் போனில் நடந்தது. நீர்ச் சேதத்துக்கு வாரண்டி பொதுவாகக் கிடையாது. சிம் தட்டு இருக்கும் துளைக்குள் பல போன்களில் ஒரு சிறு ஒட்டு உண்டு. நீர் பட்டால் சிவந்துவிடும். சர்வீஸ் சென்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மென்பொருளும் போனை வீழ்த்தும். 2018 பிப்ரவரியில் ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து, ஐபோனில் செய்தியாக வந்தாலே செயலிகளை முடக்கியது. சில போன்களின் முகப்பே திரும்பத் திரும்ப விழுந்து எழுந்தது. அந்த மாதம் 19ஆம் தேதி வந்த புதுப்பிப்புதான் சரிசெய்தது. நம் மொழிகளின் எழுத்துக்களை நிறுவனங்கள் எவ்வளவு மேலோட்டமாகச் சோதித்திருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2024 அக்டோபரில் சாம்சங்கின் ஸ்மார்ட்திங்ஸ் செயலி சார்ந்த ஒரு புதுப்பிப்பு கேலக்ஸி எஸ்10, நோட் 10 போன்ற பழைய போன்களை லோகோவிலேயே சுற்றவிட்டது. பலருக்குப் போனை முழுமையாக அழித்தால்தான் மீட்சி. சேமித்து வைக்காத படங்கள் போயின. பயனர் எந்தத் தவறும் செய்யவில்லை.

சில ரீஸ்டார்ட்கள் கோளாறே அல்ல. மூன்று நாள் திறக்கப்படாமல் கிடக்கும் போன், திருடர் கையில் சிக்கியிருந்தால் தகவல் போகாதிருக்கத் தானே அணைந்து எழும் வசதி 2024இல் ஐபோனுக்கு வந்தது; 2025 ஏப்ரலில் கூகுளும் ஆண்ட்ராய்டில் கொண்டுவந்தது. இரவில் புதுப்பிப்பு ஏறினாலும் அப்படியே. அலமாரியில் கிடந்த போன் எழுந்து நின்றால் பதற வேண்டாம்.

மற்றபடி, கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் வேலை, படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமிப்பது. பிறகு இறுக்கமான கவரைக் கழற்றி, பவர் பட்டன் ஒழுங்காக மேலே எழுகிறதா என்று பார்க்க வேண்டும். மெமரி கார்டை எடுத்துவிட்டு ஒருநாள் ஓட்டலாம். சேமிப்பகம் முழுக்க நிரம்பியிருந்தால் வாட்ஸ்அப் வீடியோக்களைக் கழிக்கலாம். ஆண்ட்ராய்டில் சேஃப் மோடில் போட்டால், நாம் ஏற்றிய செயலிகள் ஓடாது. அப்போது கோளாறு நின்றுவிட்டால் அண்மையில் ஏற்றிய ஏதோவொரு செயலிதான் காரணம். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அமைப்புகளுக்குள் பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பார்க்கலாம்; 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் மாற்ற வேண்டிய நேரம். பின்மூடி உப்பித் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது: அணைத்து, சார்ஜ் போடாமல், அழுத்தாமல் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பணம் அனுப்பும் நடுவில் போன் அணைந்துவிட்டால், வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே மறுபடி அனுப்ப வேண்டும்.

பேட்டரி வாங்கும்போது அதன் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கழற்றிய பேட்டரியைத் தன் கண் முன்னால் காட்டச் சொல்வதும் அப்படியே. மலிவு என்று வாங்கும் டூப்ளிகேட், பழைய கோளாறையே ஆறு மாதத்தில் திரும்பக் கொண்டுவரும். சில நேரம் தீயையும். அதே சமயம், சின்னக் கடையில் உருப்பெருக்கிக்கு முன் குனிந்து போர்டு வேலை செய்யும் கைகளின் திறமையைக் குறைத்துச் சொல்வது அநியாயம். அந்தக் கைகளுக்கு ஒரிஜினல் உதிரிபாகம் நேர்வழியில், நியாயமான விலைக்குக் கிடைப்பதில்லை என்பதே குறை.

இதைச் சட்டத்தால் சரிசெய்ய முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தர வேண்டும். விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்க உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று காட்டும் பழுதுநீக்கக் குறியீட்டைப் போன்களுக்குத் தரலாம் என்று அத்துறை அமைத்த குழு தந்த அறிக்கை 2025 மேயில் கிடைத்தது. அந்தக் குறியீடு கட்டாயமாக வேண்டும். பெட்டியில் போனின் விலைக்குப் பக்கத்திலேயே பேட்டரி மாற்றும் விலையும் அச்சிடப்பட வேண்டும். அம்பாசமுத்திரத்தில் இருப்பவர் அந்த விலையைத் தெரிந்துகொள்ளத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறக் கூடாது.

அதுவரை இருக்கும் வழிகளைப் பயன்படுத்தலாம். வாரண்டிக்குள் போன் திரும்பத் திரும்ப அணைந்தால், ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் கேட்டு வாங்க வேண்டும்; அணைந்து எழுவதை இன்னொரு போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பில்லோடு இவற்றைச் சேர்த்து முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.