உளியை மூட்டை கட்டுங்கள்

கார் சக்கரத்தின் நடுவில் இருக்கிற அந்தப் பெரிய ஆக்சில் நட்டை உளியும் சுத்தியலும் வைத்துக் கழற்றுவது மெக்கானிக் வேலை அல்ல. அது கல் உடைக்கிற வேலை. இதைப் பட்டறையில் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். நம் வயதில் இதற்கெல்லாம் பயந்தால் எப்படி?

முன்சக்கர இழுவை உள்ள வண்டிகளில் ஆக்சில் தண்டு ஹப்புக்குள் நுழைந்து வெளியே எட்டிப் பார்க்கும். அதன் முனையில்தான் இந்த நட்டு. ஹப், பேரிங், தண்டு மூன்றையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பது இதுதான். சாதாரண சக்கர நட்டுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். இதற்கு வண்டியைப் பொறுத்து 150 முதல் 300 வரை வேண்டும். 200 என்றால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அவ்வளவு இறுக்கத்தில் இருப்பதைக் கழற்ற, அதற்கென்று உள்ள சாக்கெட் வேண்டாமா?

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரத்தால் ஓடியவை. 1983 கடைசியில் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கர இழுவை நம் தெருக்களுக்குப் பரவலாக வந்தது. வண்டி மாறியது, பல பட்டறைகளில் கருவிப் பெட்டி மாறவில்லை. அம்பாசடர் இங்கிலாந்து வழி வந்தது, அங்குலக் கணக்கு. பத்மினி இத்தாலி வழி, மில்லிமீட்டர் கணக்கு. இரண்டுக்கும் வாங்கிய சாக்கெட்டுகள் ஒரே தகரப் பெட்டியில் கலந்து கிடக்கும். கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டிப் பார்ப்பதே வழக்கம் ஆகிவிட்டது.

ஆக்சில் நட்டுகள் பெரும்பாலும் 30, 32, 36 மில்லிமீட்டர் அளவுகளில் வருகின்றன. ஒன்றேகால் அங்குல சாக்கெட் 31.75 மில்லிமீட்டர். அது 32 நட்டில் ஏறாவிட்டால் தலையில் நாலு தட்டு தட்டி இறக்குவார்கள். அந்த அடி பேரிங்குக்குப் போகும். ஒன்றே ஏழு பதினாறில் என்பது 36.5. அதை 36 நட்டில் மாட்டினால் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். பைப் போட்டு அழுத்தியதும் வழுக்கும், நட்டின் முனை மழுங்கும். மழுங்கியபின் உளி ஒன்றுதான் வழி. "வேற வழி இல்ல சார்" என்பார்கள். அந்த வழியை அடைத்தது யார்?

அளவெடுப்பதிலும் அவசரம். வெர்னியரை நட்டின் தட்டையான பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு வைக்க வேண்டும். மூலைக்கு மூலை வைத்தால் 32 நட்டு கிட்டத்தட்ட 37 காட்டும். இதை நம்பிக் கடைக்குப் போகிறவர் 36 சாக்கெட்டோடு திரும்புவார்.

அளவு மட்டும் சரியானால் போதாது. ஆறுமுனை நட்டுக்கு ஆறுமுனை சாக்கெட்தான் நல்லது. அது பக்கங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலையருகே பிடித்து அதைத் தின்னும். ஆனால் வோக்ஸ்வாகன் போன்ற சில ஐரோப்பிய வண்டிகளில் தலையே பன்னிரண்டு முனையாக இருக்கும். அங்கே ஆறுமுனை ஏறாது. தண்டு நட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆழமான சாக்கெட் வேண்டும். சக்கரம் மாட்டியபடியே தளர்த்த வேண்டுமானால் சாக்கெட்டின் வெளிச்சுவர் சக்கரத்தின் நடுத் துளைக்குள் நுழையவும் வேண்டும்.

இனி ஏர் கன். பளபளக்கும் குரோம் சாக்கெட் கையால் திருப்புவதற்கு. ஏர் கன்னில் மாட்டினால் அது விரிசல் விட்டுச் சிதறலாம். அதற்கென்று கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் இருக்கிறது. அடி தாங்கும்படி செய்தது. சக்கரத்தருகே குனிந்து நிற்பது முதலாளி அல்ல, கண்ணாடி போடாத பதினெட்டு வயதுப் பையன். தலை பூத்துப்போன உளியிலிருந்து தெறிக்கும் இரும்புத் துண்டும் அவன் கண்ணைத்தான் தேடி வரும்.

"முப்பது வருஷமா இப்படித்தான் சார் கழட்டுறோம், ஒண்ணும் ஆகல" என்பது அவர்கள் வாதம். என்ன ஆயிற்று என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடிபட்ட பேரிங் அன்றே கத்தாது. சில மாதம் கழித்து வேகம் கூடக் கூட உறுமும். வண்டிக்காரர் ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். பிறகு வேறொரு பட்டறையில் பேரிங்குக்குப் பணம் கட்டுவார். கணக்கு முதல் பட்டறையின் பெயரில் ஏறுவதே இல்லை.

நம் பக்கமும் குற்றம் உண்டு. வேலை சீக்கிரம் முடிந்தால் கெட்டிக்காரன் என்கிறோம். ஸ்பிளிட் பின் புதிதா என்று கேட்பதில்லை. பள்ளத்தில் அடித்து மடக்கும் வகை நட்டை, மடிப்பை நிமிர்த்திக் கழற்றிப் புதிது போட வேண்டும்; பழையதையே மாட்டினால் நூறு ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறோம். நட்டு தளர்ந்த நிலையில் வண்டியை உருட்டினால் பேரிங் கெடும் என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த நட்டுக்கு என்ன அளவு சாக்கெட்? அது உங்களிடம் இருக்கிறதா? இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் வைப்பீர்களா? பதில் தெரிந்தவர் கோபிக்க மாட்டார், எடுத்தே காட்டுவார். கோபித்துக்கொண்டு உளியைத் தேடுகிறவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சக்கரத்தை நம்பி வண்டியில் உட்காரப் போவது நம் பேரப்பிள்ளைகள்.