வண்டிக்கு வண்ணம் தீட்டிய கை

திருப்பெரும்பூதூரும் ஒரகடமும் ஏரிகள் நிறைந்த சமநிலப் பகுதிகள். இன்று அங்கே மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. வண்டிக்கு வண்ணம் பூசுதல் வெறுங் கைத்தொழில் என்றும், ஓவியம் தீட்டுதலே உயர்ந்த கலை என்றும் கருதுவோர் உளர். அக்கருத்துப் பிழையானது என்பதற்குத் தாமஸ் டேனியல் என்னும் ஆங்கில ஓவியரின் வாழ்க்கையே சான்றாகும்.

1749ஆம் ஆண்டு பிறந்த டேனியல், இளமையில் குதிரை வண்டிகளுக்கு வண்ணமும் சித்திரமும் தீட்டுவார் ஒருவரிடம் தொழில் பயின்றார். 1786இல் தம் உடன்பிறந்தார் மகனான வில்லியத்துடன் கல்கத்தாவை அடைந்தார். 1792இல் மைசூர்ப் போர் ஓய்ந்தது. அவ்வாண்டே இருவரும் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தமிழகத்தில் நெடும்பயணம் செய்தனர். பாரமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியின் மலைக்கோட்டைகளையும், பொதிகை அடிவாரத்துப் பாபநாச அருவியையும் கண்டு வரைந்தனர். 1794இல் தாயகம் மீண்டபின், அவ்வரைபடங்களைத் துணையாகக் கொண்டு எண்ணெய் வண்ண ஓவியங்கள் பல தீட்டினர். வண்டிக்கு வண்ணம் தீட்டப் பழகிய டேனியல், 1799இல் இலண்டன் அரச கலைக்கழகத்தின் உறுப்பினரானார்.

ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெல்லவே உலரும். ஆதலின், பூச்சின்மேல் பூச்சேற்றி, அண்மையிலுள்ள பாறையின் பழுப்பையும் சேய்மையிலுள்ள மலையின் நீலத்தையும் பிரித்துக் காட்டலாம். வண்டிக்கும் அடுக்கடுக்காகவே வண்ணம் ஏற்றப்படுகின்றது. பொறுமையும் கைத்திறனும் இரண்டிற்கும் பொதுவானவை. ஓவியனுக்கு மேலும் வேண்டுவது உற்றுநோக்கும் கண்ணே. இன்று தொழிற்சாலைகளில் இயந்திரக் கைகளே வண்ணத்தைத் தெளிக்கின்றன. கையின் வேலையை இயந்திரம் ஏற்கலாம். மலையைக் கண்டு வியக்கும் கண்ணின் வேலையை அஃது ஏற்குமோ?

டேனியல் நம் மலைகளை வரைந்தது பெரும்பாலும் தம் நாட்டுச் செல்வர் காண்பதற்கே. நம் குன்றுகளை நாம் காண வரைய வேண்டியவர் நாமல்லரோ? பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் கல்லுடைப்பால் குன்றுகள் குறைந்துள்ளன. உற்று நோக்கி வரைந்தவனுக்கே அக்குறைவு உறைக்கும்.

தேர்வு நெருங்கும்போது ஓவியப் பாடவேளையைப் பிற பாடங்களுக்கு ஈந்துவிடும் வழக்கம் நன்றன்று. தொழிற்சாலைக்குச் செல்லவிருக்கும் மாணவனுக்கும் அப்பாடவேளை வேண்டும். கைக்குத் தொழில் கற்பிக்கும் பள்ளி, கண்ணுக்கும் கல்வி தருதல் வேண்டும். மாணவர்களே, உங்கள் ஊர்க் குன்றையோ ஏரிக்கரையையோ ஒருநாள் அமர்ந்து வரைந்து பாருங்கள். நாள்தோறும் கண்டும் காணாதிருந்தவற்றை அன்று காண்பீர்கள்.