விஞ்ஞானத்துக்குப் பங்காளி யார்?

உழுகிறபோது ஊர்வழி போனவன் அறுக்கிறபோது அரிவாளோடு வந்தான் என்று நம் கரிசல் காட்டில் சொல்லுவார்கள். விஞ்ஞானம் விளைந்து களத்துக்கு வந்த பிறகு மதக்காரர்கள் பங்கு கேட்பதும் அப்படித்தான் இருக்கிறது.

பிரான்சு தேசத்தில் பியேர் துயெம் (1861–1916) என்று ஒரு பௌதிக ஆசிரியர் இருந்தார். அவர் கத்தோலிக்க பக்தர். ஆனால் சோம்பேறிப் பண்டிதரல்ல. பலரும் தொடாத பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் படித்தவர். எறிந்த கல்லைக் காற்றுத் தள்ளிக்கொண்டு போகிறது என்பது அரிஸ்டாட்டில் கட்சி. அப்படியல்ல, எறிந்தவன் அதற்குள் ஏற்றிய வேகமே அதைக் கொண்டுபோகிறது என்று 14-ஆம் நூற்றாண்டில் பாரிசிலிருந்த ஜான் புரிடான் மறுத்தார். இந்தச் சங்கதியைத் துயெம் உலகறியச் செய்தார். அந்த உழைப்புக்கு நாமும் வந்தனம் சொல்லுகிறோம்.

நிற்க, அவர் அதோடு விட்டாரா? 1277-ல் பாரிஸ் பிஷப் தாம்பியே, அரிஸ்டாட்டில் கட்சியார் பேசிவந்த பலவற்றையும் சேர்த்து, 219 கருத்துகளைப் போதிக்கக் கூடாதென்று தடுத்தார். அந்தத் தடையிலிருந்தே நவீன விஞ்ஞானம் பிறந்தது என்று துயெம் வாதித்தார். இது என்ன நியாயம்? பிஷப் கல்லை எறிந்து சோதித்துப் பார்த்தா தடுத்தார்? கடவுளின் சர்வ வல்லமைக்குக் குறைவு வந்துவிடுமே என்றல்லவா தடுத்தார்? தடையால் அறிவு வளருமானால், 1616-ல் கோபர்நிக்கஸ் புத்தகத்தைத் தடுத்ததற்கும், 1633-ல் கலிலியோவை மண்டியிட வைத்ததற்கும் விஞ்ஞானம் கும்பிடு போட வேண்டுமோ?

அன்றியும், புரிடானுக்கு முன்னமே இதே வழியில் யோசித்தவர்கள் உண்டு. 6-ஆம் நூற்றாண்டுப் பிலோபோனஸ் கிறிஸ்தவர். 11-ஆம் நூற்றாண்டு இப்னு சீனா முஸ்லிம். அவர்கள் திருத்திய அரிஸ்டாட்டிலோ அந்த இரண்டு மதமும் பிறக்குமுன் இருந்தவர். பட்டாவை யார் பேருக்கு எழுதுவது?

நம் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்த வீரமாமுனிவரை எடுத்துக்கொள்ளுங்கள். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வேறுபாடு தெரிய எழுத்தைத் திருத்தியவர் அந்தப் பாதிரியார். இன்று அந்த எழுத்தைச் சைவனும் முஸ்லிமும் நாஸ்திகனும் எழுதுகிறார்கள். அது நிலைத்தது வேதத்தில் இருப்பதாலா? படிக்க உதவுவதால்தானே! மனிதனுக்கு நன்றி சொல்லுவோம். அவன் மதத்துக்குக் குத்தகைப் பாக்கி கொடுக்கமாட்டோம்.

நம்மூர்ச் சாஸ்திரிகளும் ஆகாய விமானம் புராணத்திலேயே இருந்தது என்கிறார்கள். துயெமாவது ஏட்டைக் காட்டினார். இவர்கள் வாயைத்தான் காட்டுகிறார்கள். எல்லாம் முன்னமே இருந்தது என்று நம்பும் பிள்ளை, புதிதாக எதைத் தேடப் போகிறது?

ஆகவே, தோழர்களே! இனி எவராவது பங்கு கேட்டு வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: புரிடான் சொன்னதையும் சோதித்து, பிற்பாடு விஞ்ஞானம் திருத்திவிட்டதே, உங்கள் வேதத்தில் எந்த வரியை நீங்கள் சோதித்துத் திருத்தினீர்கள்?