சிப்பாய் யானையான கதை

சதுரங்கப் படையில் சிப்பாயே மிக எளியவன். ஓரடி ஓரடியாக முன்னேறுவான், பின்வாங்க அறியான். ஆயினும் கடைசி வரிசையை எட்டிவிட்டால் ராணி, யானை, மந்திரி, குதிரை ஆகிய நான்கில் ஒன்றாக அவன் உயரலாம். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வெற்றி பெரும்பாலும் இவ்வெளியவனைச் சார்ந்தே நிற்கின்றது.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. அம்பத்தூரை அடுத்த மேல் அயனம்பாக்கத்திலுள்ள வேலம்மாள் பள்ளியில் பயின்ற குகேஷ், தமது 18-ஆம் வயதில், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். 14-ஆவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரென் தமது 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். காய்கள் வெட்டுண்டு ராஜாக்களும் சிப்பாய்களுமே எஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அதுவே மகுடம் சூட்டிற்று.

நம் பிள்ளைகள் பலர் இன்று சதுரங்கம் பயில்வதால், இறுதிக் கட்டப் புதிர் ஒன்றை இம்மாதம் குடும்பமாய் அமர்ந்து விடுவிப்போம். வெள்ளையின் பக்கமிருந்து நோக்க, இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை. கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. வெள்ளை ராஜா பி 6, சிப்பாய் சி 6. கறுப்பு ராஜா ஏ 1, யானை டி 5. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.

சிப்பாய் சி 7-க்கு ஏறுகிறான். கறுப்பு யானை டி 6-இல் செக் சொல்ல, ராஜா பி 5-க்கு இறங்குகிறார். டி 5-இல் செக். ராஜா பி 4. டி 4-இல் செக். ராஜா பி 3. டி 3-இல் செக். ராஜா சி 2. இனிச் செக் சொல்ல வழியற்ற யானை, டி 4-க்குச் சென்று பதுங்குகிறது.

இப்போது சிப்பாய் ராணியானால் என்ன? யானை சி 4-க்கு வந்து செக் சொல்லித் தன்னையே பலியாக நீட்டும். ராணி அதனை வெட்டினால், செக்கில் இல்லாத கறுப்பு ராஜாவுக்கு நகர ஒரு கட்டமும் இராது, ஆட்டம் சமன். வெட்டாவிட்டால் ராணியே பறிபோகும்.

1895-இல் கிளாஸ்கோ நகர வார இதழொன்றின் சதுரங்கப் பகுதியில் பார்பியே என்பவர் இவ்வாறே கறுப்பு தப்பிவிடும் என்று எழுதினார். அந்நகரில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டுக் குருவானவர் பெர்னாண்டோ சாவேத்ரா அதனை மறுத்தார். சிப்பாயை யானையாக்குங்கள் என்பதே அவர் கண்ட விடை. அந்த யானை ஏ 8-இல் செக் சொன்னால் ஆட்டம் முடிந்துவிடும். தடுக்கக் கறுப்பு யானை ஏ 4-க்கு ஓட, வெள்ளை ராஜா பி 3-க்கு வருகிறார். யானைக்கும் ஆபத்து; சி 1-இல் இறுதிச் செக்கும் காத்திருக்கிறது. இரண்டையும் ஒருங்கே தடுக்க வழியில்லை. இந்த ஒரே நகர்த்தலால் சாவேத்ராவின் பெயர் சதுரங்க உலகில் நிலைத்துவிட்டது.

உயர்ந்த பதவி கைக்கெட்டும்போது, அவ்விடத்தின் தேவைக்குப் போதிய சிறு பதவியைத் தேர்வதும் அறிவே. பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: முதல் செக்கின்போது ராஜா சி 5-க்குச் சென்றால் வெற்றி ஏன் நழுவும்? கறுப்பு யானை டி 1-க்கு இறங்கும் என்பதே குறிப்பு.