காவலை உறங்க வைத்தல் தகுமோ?

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் கணிப்பொறிக் காவலைப் பற்றி எழுதப் புகுவது நம் கலாசாலை நண்பர் சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். யாப்பும் அணியும் கற்பார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை எளிது. பண்டு ஏட்டுச் சுவடிகளைச் செல்லும் நீரும் நெருப்பும் அழித்தன. இன்று அச்சுவடிகளின் படங்களும், பழைய அச்சு நூல்களின் படிகளும் வலையின் வழியே உலகோர் கண்ணுக்கு எட்டுகின்றன. அவற்றை எடுத்து வழங்கும் பொறிகளை வழங்கிகள் என்பர். அவ்வழங்கிகளுட் பெரும்பாலன லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின்மீது நடைபெறுவன. புதுச்சேரியிற் காக்கப்படும் சைவச் சுவடித் தொகுதிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன. இப்பெருமையைப் பேசி மகிழும் யாம், சுவடி வைத்த வீட்டின் தாழ்ப்பாளைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் மிகையன்று.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு ஒரு சான்று காட்டுதும். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறிகளுட் கயவர் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டனர். நூலகத்தார் பணயம் கொடுத்திலர். களவுபோன செய்திகள் வெளியிடப்பட்டன. நூற்பட்டியல் மீண்டும் மக்கள் தேடுதற்குக் கிடைத்தது 2024 ஜனவரியிலேதான், அதுவும் குறைந்த வடிவிலே. பழந்தமிழ் அச்சு நூல்கள் பல அந்நூலகத்தில் உள்ளன என்பதை அறிவார்க்கு இவ்விழப்பின் அளவு விளங்கும். அங்கே கயவர் நுழைந்த வழி வேறு. யாம் ஈண்டுக் கூறப்போகும் காவல் ஒன்றே அவ்வழியை அடைத்திருக்கும் என்று யாம் சாதிக்கவில்லை. ஆயினும் ஓர் அறையிற் புகுந்தவன் வீடு முழுவதும் உலாவ இடங்கொடுத்த குறை இரண்டிற்கும் பொது.

லினக்ஸில் இருவகைக் காவல் உண்டு. முன்னது விருப்பக் காவல். ஒரு கோப்புக்கு உரியவன், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைத் தன் விருப்பம்போல் வகுப்பான். பின்னது கட்டாயக் காவல். உரியவன் இசைந்தாலும், ஊர் முழுதுக்கும் வகுத்த சட்டம் இசைந்தாலன்றி ஒரு செயலும் நடவாது. இவ்வேறுபாட்டை எம் உழவர்கரையார்க்கு விளக்குதல் எளிது. 1880-இல் பிரெஞ்சு அரசினர் வகுத்த கொம்யூன்களுள் எம் ஊரும் ஒன்று. அக்காலத்துப் பிரெஞ்சு எல்லையைக் கடக்கும் மூட்டைகளுக்குச் சுங்கச் சாவடி இருந்தது. அது போய்ப் பல்லாண்டு ஆயிற்று. ஆயினும் இன்றும் கோரிமேட்டைக் கடந்து தமிழ்நாட்டெல்லையுட் புகும் வண்டிகளை நிறுத்திச் சீசாக்களைத் தேடுதல் உண்டு. வண்டி தன்னது, விலை கொடுத்து வாங்கிய பொருள் தன்னது, சாவியும் தன் கையது. எனினும் சாவடிச் சட்டம் மறுத்தால் பொருள் அப்பாற் செல்லாது. உரியவனுடைய சாவி விருப்பக் காவல். எல்லைச் சாவடி கட்டாயக் காவல்.

சாவியொன்றே போதாதோ எனின், போதாது. என்னை? வலைச்சேவை என்பது முன்பின் அறியாதார் யாவர்க்கும் இரவும் பகலும் கதவைத் திறந்து மறுமொழி கூறும் ஏவலாளன். அவ்வேவலாளனை ஒருவன் மயக்கிவிட்டால், ஏவலாளன் கையிலுள்ள சாவிகளெல்லாம் மயக்கினவன் கைக்கு வரும். 1988 நவம்பர் 2-ஆம் நாள் பரவிய மோரிஸ் புழுவின் கதை இதுவே. பிங்கர் என்னும் சிறு சேவையின் வேலை, பொறியில் யார் உள்ளார் என்று கேட்பார்க்கு விடை சொல்லுதல் மட்டுமே. அச்சேவை அளவுக்கு மிஞ்சிய நீளமுடைய வினாவை வாங்கிக்கொண்டு தடுமாறியது. தடுமாறிய இடத்தில் புழுவின் கட்டளைகள் உட்புகுந்தன. பெயர் சொல்லும் பணியாளனுக்குப் புதிய நிரல்களை ஏவும் உரிமை எதற்கு? அவ்வுரிமையை மறுக்கும் சாவடி அக்காலத்து அப்பொறிகளில் இல்லை.

சாவடி பின்னர் வந்தது. அமெரிக்க நாட்டுத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் எஸ்இலினக்ஸ் என்னும் கட்டாயக் காவலை மூலநிரலோடு வெளியிட்டது. 2003-இல் அது லினக்ஸின் கருவிலேயே சேர்ந்தது. ஆப்ஆர்மர் என்னும் மற்றொன்று சூசே லினக்ஸில் முன்பே வழங்கிப் பின் 2010-இல் கருவிற் சேர்ந்தது. 2019-இல் வந்த டெபியன் பத்தாம் பதிப்பு அதனை நிறுவும்போதே விழித்திருக்கச் செய்தது. தமிழ்நாட்டார்க்கும் இவை தொலைவான பெயர்களல்ல. சென்னை சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனின் வழி வந்தது. 2011 முதல் தமிழ்நாட்டு மாணவர்க்கு அரசினர் இலவசமாக அளித்த மடிக்கணினிகளில் பாஸ் இருந்ததைப் பலர் கண்டிருப்பர். அதனைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

காவல் இருக்கிறது, அதனை உறங்க வைப்பார் நாமே. இதுவே எம் குறை.

உழவர்கரைப் பகுதியில் ஒரு சிறு பணியகம். பெயர் வேண்டா. பழைய தமிழ் ஏடுகளின் படங்களை அங்கே ஒரு வழங்கியில் ஏற்றினர். விடுமுறையில் படங்களுக்குப் பெயரிட்டு அடுக்கும் பணிக்கு யாம் அங்குச் சென்றிருந்தோம். படங்களெல்லாம் ஏறின, வலையிலோ ஒன்றும் தோன்றவில்லை. "அனுமதி இல்லை" என்னும் ஒரு வரியே விடை. வந்த வல்லுநர் முதலில் கோப்புகளையெல்லாம் யாவரும் படிக்கவும் எழுதவும் இசைவு கொடுத்துத் திறந்துவிட்டார். பயனில்லை. பின்னர் எஸ்இலினக்ஸ் முழுவதையும் அணைத்துப் பொறியை மீளத் தொடக்கினார். படங்கள் தோன்றின, எல்லாரும் மகிழ்ந்தனர், வல்லுநரும் கூலி பெற்றுச் சென்றார். அப்பணியகத்தின் கதவுகள் இரண்டும் அன்று முதல் திறந்தே கிடக்கின்றன என்பதை அங்கே அறிந்தார் ஒருவருமிலர்.

அன்று நேர்ந்தது யாது? எஸ்இலினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை உண்டு. இயங்கும் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு முத்திரை உண்டு. இன்ன முத்திரையுடைய சேவை இன்ன முத்திரையுடைய கோப்பைப் படிக்கலாம் என்று சட்டத்தில் எழுதியிருந்தாலன்றி வழி இல்லை. படங்களை முதலில் ஒருவரது சொந்த அடைவில் வைத்திருந்தனர். ஆதலின் அவை வீட்டுக் கோப்பு என்னும் முத்திரை பெற்றன. பின்பு அவற்றை வலைச்சேவையின் அடைவுக்கு நகர்த்தினர். நகர்த்திய கோப்பு பழைய முத்திரையோடே செல்லும்; படியெடுத்து வைத்த கோப்போ புகுந்த இடத்தின் முத்திரையைப் பெறும். இச்சிறு வேறுபாடே அவ்வளவு கலக்கத்துக்கும் காரணம். வலைச்சேவை பிறர் வீட்டுக் கோப்பைத் தொடக்கூடாது என்று காவல் மறுத்தது. காவல் தன் கடமையைச் செய்தது. "ரெஸ்டோர்கான்" என்னும் ஒரு கட்டளை இட்டிருந்தால், அந்த அடைவுக்குச் சட்டம் விதித்த முத்திரை கோப்புகள் அனைத்துக்கும் அமைந்திருக்கும். சட்டம் அறியாத புதிய அடைவாயின், "செமானேஜ்" கட்டளையால் இவ்விடத்துக் கோப்புகள் வலைச்சேவைக்கு உரியன என முதலிற் சட்டத்தில் எழுதிப் பின் ரெஸ்டோர்கானை ஏவுதல் முறை. "சீகான்" என்னும் கட்டளையால் முத்திரையை நேரே மாற்றுவாரும் உளர். அது சட்டத்தில் எழுதப்படாமையின், முத்திரைகளை மீள அமைக்கும் நாளில் அழிந்துபோம்.

நோய் இன்னதென்று காட்டும் ஏடும் அப்பொறியிலேயே உண்டு. காவல் மறுத்தவை ஆடிட் என்னும் குறிப்பேட்டில் எழுதப்படும்: எந்தச் சேவை, எதனை, என்ன செய்ய முயன்றது, இரண்டின் முத்திரைகள் யாவை என்பன அவ்வரியிற் காணலாம். ஈண்டு ஒரு நுட்பம். முதலில் விருப்பக் காவலே வினவப்படும். அது மறுத்துவிட்டால் கட்டாயக் காவலைக் கேட்பதே இல்லை. ஆகலின் சேவை தடைப்பட்டும் ஆடிட் ஏட்டில் வரி இல்லையெனின், பெரும்பாலும் குற்றம் பழைய உரிமைகளிலேயே இருக்கும். (சட்டமே குறிக்கவேண்டா என்று விட்ட மறுப்புகளும் உண்டு.) வரி இருந்தால் உரிமைகளைத் திறந்துவிடுவதாற் பயனில்லை. அவ்வல்லுநர் அவ்வேட்டை ஒருமுறை புரட்டியிருந்தால் முதல் அரைமணி நேரம் வீணாயிராது.

கோப்பு மட்டுமன்றித் துறை எண்ணுக்கும் முத்திரை உண்டு. வலைச்சேவைக்கு 80, 443 முதலியவை முன்பே ஒதுக்கப்பட்டவை. ஒதுக்காத எண் ஒன்றில் சேவையைத் திறக்க முயன்றால் அது தொடங்காமல் நின்றுவிடும். அவ்வெண்ணையும் செமானேஜ் கட்டளையால் சேர்த்துக்கொள்ளலாம். இனி, வலைச்சேவை பிற பொறிகளோடு தானே தொடர்பு கொள்ளுதல் இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கும். அதற்கு இசைவளிக்கும் ஆளிகள் உண்டு. எவ்விடத்துக்கும் செல்லலாம் என்னும் பேராளி ஒன்று. தரவுத்தளத்துக்கு மட்டும் செல்லலாம் என்னும் சிற்றாளி ஒன்று. தரவுத்தளமே வேண்டுவதாயின் சிற்றாளியைத் திருப்புக. அவசரத்திற் பேராளியைத் திருப்புவோரே மிகுதி. "ஆடிட்-டு-அலவ்" என்னும் கருவியோ, மறுக்கப்பட்டவை அனைத்துக்கும் இசைவு எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா. அவன் எழுதியதைப் படியாமற் கையெழுத்திடுவது, கள்வன் முயன்று தோற்றதற்கும் அனுமதிச் சீட்டு வழங்குவதாகவும் முடியும்.

"இத்தனையும் கற்க எங்கே நேரம்? வேலை நடக்க வேண்டாவோ?" என்பார் கூற்றை யாம் இகழ்ந்திலோம். சேவை நின்றால் பழி அவர் தலையில் விழும். காவல் உறங்கினால் நெடுநாள்வரை பழி யார் தலையிலும் விழாது. ஆனால் நடுவழி ஒன்று உண்டென்பதை அவர் மறக்கின்றனர். காவலை முற்றும் அணைக்காமல், அந்த ஒரு சேவையின் முத்திரையை மட்டும் எச்சரிக்கை நிலையில் வைக்கலாம்; அப்போது அச்சேவைக்குத் தடை இராது, மீறல்கள் மட்டும் ஏட்டிற் பதியும், ஏனைச் சேவைகள் காவலின்கீழேயே நிற்கும். சில நாள் பொறுத்து ஏட்டைப் படித்து வேண்டிய விதிகளை எழுதி மீளவும் அமலாக்கலாம். முற்றும் அணைத்தவர்க்கோ வேறு துன்பம் காத்திருக்கிறது. அணைந்திருந்த காலத்துப் பிறந்த கோப்புகளுக்கு முத்திரையே இராது; மறுபடி எழுப்பும் நாளில் வட்டு முழுவதற்கும் முத்திரை இடவேண்டும். பெரிய வட்டாயின் அது நெடும்பணி. அதனாலேயே ஒருநாள் அணைத்தவர் என்றும் அணைத்தே விடுகின்றனர்.

ஆப்ஆர்மர் இதனினும் எளிது என்பர். அது ஒருவாறு மெய்யே. அதில் முத்திரை இல்லை. பாதையின் பெயரே அடையாளம். இச்சேவை இவ்வடைவைப் படிக்கலாம், இவ்வேட்டில் எழுதலாம் என்று சிறு குறிப்பு எழுதி, முதலில் முறையீட்டு நிலையிலும் பின்னர் அமலாக்க நிலையிலும் வைக்கலாம். தமிழ் மாணவனும் ஒருமுறை படித்தால் பொருள் கொள்ளத்தக்க நடையில் அக்குறிப்பு அமைந்திருக்கிறது. ஆயினும் ஆப்ஆர்மர் விழித்திருக்கிறது என்பதனால் எல்லாச் சேவைக்கும் காவல் உண்டெனக் கொள்ளற்க. குறிப்பு எழுதப்பெறாத சேவைக்கு அங்கே தடை ஏதும் இல்லை.

வேற்று நாட்டு ஒற்றர் துறை ஆக்கிய காவலை நம்பலாமோ என்று ஐயுறுவாரை யாம் மதிக்கின்றோம். ஆயினும் அதன் மூலநிரல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகோர் முன் விரிந்து கிடக்கின்றது. நம்பாதார் ஆப்ஆர்மரையோ ஜப்பானியர் ஆக்கிய டோமோயோவையோ கைக்கொள்ளலாம். இன்னொரு தடை இதனினும் வலிது: சேவைக்கு உரிய தரவையே சேவையின் வாயிலாகக் களவு செய்வானைக் கட்டாயக் காவல் தடுக்குமோ? தடுக்காது. கருவிலேயே பிழை இருப்பின் அதனையும் தடுக்காது. ஏடுகளைத் தனியே படியெடுத்து வேறோரிடத்தில் வைத்தலும், பிழை திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றலும் இதனால் ஒழிந்துபோவன அல்ல.

நம் கலாசாலையிலும் வழங்கிகள் உள. அவற்றைப் பேணுவார் ஆண்டுதோறும் மாறுகின்றனர். பொறுப்பு ஒப்படைக்கும் தாளிற் கடவுச்சொல்லும் சாவி எண்ணும் எழுதப்படுகின்றன. அத்தாளிலேயே, காவல் எந்நிலையில் உள்ளது, இயல்பான சட்டத்துக்கு மேல் எந்த எந்த இசைவுகள் சேர்க்கப்பட்டன, அவற்றை யார் எதற்காகச் சேர்த்தார் என்னும் வரிகளும் எழுதப்பட வேண்டுமென அதிகாரிகளை விநயமாகக் கேட்டுக்கொள்ளுகின்றோம். கணிப்பொறித் துறை நண்பர்கள் வரும் பருவத்துப் பயிற்சியில் வலைச்சேவை ஒன்றை நிறுவும்போது, அமலாக்க நிலையிலேயே அதனை நடத்திக் காட்டினால் மதிப்பெண் என்று விதித்தல் நன்று. தமிழ்த் துறையின் சுவடிப் படங்களை அப்பயிற்சிக்குக் கொடுக்க எம் வகுப்பினர் இசைந்துள்ளனர்.