இரக்கத்தின் ஏலம்

2011 ஓகஸ்ட் 3ஆம் திகதி அமெரிக்காவின் தசைச் சிதைவு நோய்ச் சங்கம் ஒரு சிற்றறிக்கை வெளியிட்டது. நகைச்சுவை நடிகர் ஜெரி லூவிஸ் இனி அதன் தேசியத் தலைவரல்லர். அவ்வாண்டு நிதி நிகழ்ச்சியிலும் தோன்றமாட்டார் என்பதே அதன் சாரம். காரணம் கூறப்படவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், இறுதி முறையாக மேடையேறிப் பாடி விடைபெறப்போவதாக அவர் அறிவித்திருந்தார். அவ்விடைபெறலும் இல்லாதொழிந்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து.

இதனை நோக்குவோர் இலகுவில் இரு முடிவுகளுள் ஒன்றனைப் பற்றிக்கொள்வர். உழைத்த முதியவரை நன்றி மறந்து ஒதுக்கினர் என்பது ஒன்று. நாவடக்கமற்றவர் தம் வாயாற் கெட்டார் என்பது மற்றையது. இரண்டும் ஒரு மனிதரைப் பற்றியனவே. அம்மனிதர் கையாண்ட முறையைப் பற்றி அவை எதுவும் பேசவில்லை. அந்த முறையோ அமெரிக்காவுடன் நின்றுவிடவில்லை. மாத்தளை மாவட்டத்து மண்டபங்களிலும் அது மேடையேறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆதலின் அதனை ஆராய்வது நமது கடமையாகிறது.

முதற்கண் அவருக்குரியதை அவருக்கு அளித்துவிடுவோம். 1950களின் தொடக்கத்திலேயே இப்பணியில் இணைந்தவர் லூவிஸ். 1966 முதல் 2010 வரை, ஆண்டுதோறும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தையொட்டி, இருபது மணித்தியாலங்களுக்கு மேல் நீளும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தினார். முதலாண்டிற் சேர்ந்தது பத்து இலட்சம் டொலருக்குச் சற்று அதிகம். 2010இற் சேர்ந்தது 58.9 மில்லியன் டொலர். அப்பணத்தால் ஆய்வுகள் நடந்தன, சிகிச்சை நிலையங்கள் இயங்கின. இதனை மறுப்பவன் நேர்மையாளன் அல்லன்.

ஆயின் அப்பணம் எதனை விற்றுப் பெறப்பட்டது? இக்கேள்வியை முதலிற் கேட்டவர்கள் நோயாளரே. 1981இல், தாமே தசை நோயால் நலிவுற்ற சட்டத்தரணி இவான் கெம்ப், நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் இந்நிகழ்ச்சியைக் கண்டித்து எழுதினார். உடற்குறையுடையோரைக் கதியற்ற குழந்தைகளாகவே அது காட்டுகிறது. அச்சித்திரத்தைக் கண்டு பழகிய சமூகம் அவர்களை வேலைக்கும் கல்விக்கும் உரியோராகக் காண மறுக்கிறது என்பது அவரது வாதம். 1990களின் தொடக்கத்தில் மைக் எர்வின், அவரது சகோதரி கிரிஸ் மத்தியூஸ் ஆகியோர் மறியலில் இறங்கினர். சிறுவயதில் இதே சங்கத்தின் விளம்பரப் படங்களில் முகங்காட்டியவர்கள் அவர்கள். நிகழ்ச்சி அப்பிள்ளைகளை “ஜெரியின் பிள்ளைகள்” என்றது. அவர்களோ தம்மை “ஜெரியின் அநாதைகள்” என்றனர்.

லூவிஸ் இவற்றுக்குச் செவிசாய்த்தாரா? 1990இல் ஒரு வார சஞ்சிகையில், தாமே அந்நோயாளியாக இருப்பதாகக் கற்பனை செய்து எழுதிய கட்டுரையில், அத்தகைய வாழ்வைப் பாதி மனிதனின் வாழ்வாகச் சித்திரித்தார். 2001இல், இரக்கத்தை விரும்பாத சக்கர நாற்காலிக்காரர் வீட்டிலேயே இருக்கட்டும் என்ற பொருள்படத் தொலைக்காட்சியிற் கூறிப் பின்னர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. இதனை வெறும் வாய்த்துடுக்கு என்று தள்ளிவிட முடியாது. அவர் நடத்திய நிகழ்ச்சியின் உட்கிடையை அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார், அவ்வளவே. எமது இரக்கத்திற்கு நீ உருகி நின்றால் உனக்கு இடமுண்டு. நிமிர்ந்து நின்றால் இல்லை என்பதே அவ்வுட்கிடை.

சங்கம் மட்டும் தூயதா? பணம் சேர்ந்த நாற்பத்தைந்து ஆண்டுகளும் அது அவரைத் தாங்கிநின்றது. அவர் விலக்கப்பட்டபோதும் அம்முறை பிழையென்று அது ஒப்பவில்லை. நிகழ்ச்சி நேரங் குறைந்து 2014வரை தொடர்ந்தது. மனிதரை மாற்றுவது எளிது. பழக்கத்தை மாற்றுவதே அரிது. லூவிஸ் 2017இற் காலமானார். அவர்மீது முழுப் பழியையும் சுமத்துதல் நீதியன்று.

“இரக்கமின்றேல் பணமேது? பணமின்றேல் மருந்தேது?” என்று கேட்பர். நியாயமான கேள்வியே. நாம் இரக்கத்தை மறுக்கவில்லை. அதனைக் காட்சிப்பொருளாக்கி ஏலமிடுவதையே மறுக்கிறோம். ஒருவனுக்கு மருந்து வாங்க அவனது மதிப்பை விற்போமாயின், குணமடைந்த பின்னும் அவன் வேலைகேட்டுச் செல்லும் வாயிலில் அவ்வேலத்தின் நினைவு தடையாக நிற்கும். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், இரவச்சத்திற்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கொடுப்பவனின் புகழை அறிந்தவர், கேட்பவனின் கூச்சத்தையும் அறிந்திருந்தார்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளைப் பகுதித் தோட்டங்களுக்குச் சென்றோர் லயன்களின் அமைப்பை அறிவர்: மலைச்சரிவில் வரிசை அறைகள், ஏறிச்செல்லக் கற்படிகள், மழையிற் சறுக்கும் ஒற்றையடிப் பாதை. அங்கு வாழும் நடக்கவியலாத பிள்ளைக்கு நகர மண்டபத்தில் கலைவிழா நடத்திச் சக்கர நாற்காலி வழங்குகிறோம். பொன்னாடை, ஒலிவாங்கி, புகைப்படம் யாவும் குறைவின்றி நிகழ்கின்றன. நாற்காலியோ படிகளின் அடியில் நின்றுவிடுகிறது. பிள்ளையைத் தாய் தோளிற் சுமக்கிறாள். பாதையைச் சீராக்க வேண்டியவர் யார் என்று அந்த மேடையில் எவரும் கேட்பதில்லை. கேட்டால் விழாவின் இனிமை கெட்டுவிடும்.

கேட்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை உடற்குறையுடையோருக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இல் வந்தது. அவர்களது உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. லூவிஸ் விலக்கப்பட்ட அதே 2011இல், சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடர்ந்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டும் என உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் எவரது கண்ணீரையும் வேண்டவில்லை; சட்டத்தின் நிறைவேற்றத்தையே வேண்டினார்.

மலையகத் தமிழருக்கு இவ்வேறுபாட்டைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. மன்னாரில் இறங்கிக் காடுகளூடே மாத்தளைவரை நடந்து வந்தோரின் சந்ததியிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அதனை மீட்டளிக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் நன்கொடைப் பொதிகளுக்குக் குறைவிருக்கவில்லை. வாக்குரிமையின் இடத்தை எந்தப் பொதியும் நிரப்பவில்லை. உரிமை பறிபோன இடத்தில் தருமம் பெருகுவது கண்டு மகிழ்வதற்கில்லை.

ஆதலின் நிதி திரட்டும் நமது மாணவர் சங்கங்கள் சில நியமங்களை ஏற்க வேண்டும். எவருக்காகத் திரட்டுகிறோமோ அவர்கள் ஏற்பாட்டுக் குழுவில் அமர வேண்டும். பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் படமெடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். திரட்டிய பணத்துடன், பிரதேச சபைக்கும் தோட்ட நிருவாகத்திற்கும் கையளிக்கும் கோரிக்கை மனு ஒன்றும் கட்டாயம் இருத்தல் வேண்டும். நமது விரிவுரை மண்டபங்களுக்குச் சாய்தளப் பாதை உண்டா என்பதையும் இன்றே சென்று பார்த்துவிடுவோம். அது இல்லாத மண்டபத்தில் உடற்குறையுடையோருக்கென நாம் நடத்தும் விழாவிற்கு அவர்களாலேயே வர முடியாது.