அளவு தீர்ந்தால் ஆமை வேகமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் ஒரே புலம்பல்: “இந்த கம்பெனி இன்டர்நெட்டை வெட்டிட்டு வேறே போடலாமா?”

விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’! மாதக் கடைசியில் அளவு தீர்ந்ததும் ஆமை வேகம்!

அப்போதும் வேகம் விநாடிக்கு 512 கிலோபிட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று 2016-ல் ‘டிராய்’ உத்தரவிட்டது. 2023-ல் மத்திய அரசோ, 2 மெகாபிட் இருந்தால்தான் ‘பிராட்பேண்ட்’ என்றது. அப்படியானால் 512-க்கு என்ன பெயர்? அதற்கும் முழு வாடகையா?

செல்போனில் 2011 முதல் நாடு முழுவதும் நம்பர் மாறாமலே கம்பெனி மாறலாம். வீட்டு இணைப்பை மாற்றினாலோ புதுக் கேபிள் இழுக்கணும். பல இடங்களில் முன்பணமும் கட்டணும்.

குறைந்தபட்ச வேகத்தையும் 2 மெகாபிட் ஆக்குவதே நியாயம். ‘டிராய்’ கவனிக்குமா?

மாறப் போகிறவர்களே! அளவு தீர்ந்தால் என்ன வேகம் என்று முதலில் கேளுங்கள். பிறகு பணம் கட்டுங்கள்!